விரல் தேடும் புள்ளி: சீன அக்குபிரஷரின் வரலாறும் வரம்பும்

பொருட்காட்சிக்குப் போனால் டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே ஒரு கடை கட்டாயம் இருக்கும். முள்முள்ளாக மேடு வைத்த ரப்பர் செருப்பு, மரத்தில் கடைந்த உருளை, உள்ளங்காலைப் பல வண்ணக் கட்டங்களாகப் பிரித்து 'இது கல்லீரல், இது சிறுநீரகம்' என்று எழுதிய படம். மேலே '5000 ஆண்டு சீன மருத்துவம்' என்று ஒரு பலகை. அந்தப் படத்தின் பிறந்த ஊர் சீனா இல்லை, அமெரிக்கா. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடம்பைத் தலை முதல் கால் வரை பத்து நெடும் பட்டைகளாகப் பிரித்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி அதை உள்ளங்காலில் குவித்துக் கால் படமாக வளர்த்தெடுத்தார். ரிஃப்ளெக்சாலஜி என்பது அதன் பெயர். பின்னால் அது தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் போய், அங்கிருந்து சீன முத்திரையோடு திரும்பி வந்தது.

பலகை மாறிப்போனதில் நமக்கு ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உண்மையாகவே நடந்த ஒரு தேடல் கண்ணில் படாமல் போகிறது. அந்தத் தேடலில் இரண்டு பங்காளிகள்: ஒன்று வரைபடம், இன்னொன்று விரல். இந்தப் பாதையில் இந்தப் புள்ளி என்று சொல்வது வரைபடம். தொட்டுப் பார்த்து, அழுத்திப் பார்த்து, நோயாளியின் முகத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பது விரல். வரைபடம் காலத்துக்குக் காலம் மாறியது, கூடியது, திருத்தப்பட்டது. விரலின் வேலை பெரிதாக மாறவில்லை. நாம் கடையில் காசு கொடுத்து வாங்குவது வரைபடத்தை. என் கணிப்பில் அக்குபிரஷரின் வலுவான பாதி விரல்தான்.

வரைபடம் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்கலாம். 1972 முதல் 1974 வரை, ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகர ஓரத்தில் மவாங்துய் என்ற மேட்டைத் தோண்டினார்கள். ஹான் வம்சக் காலத்துப் பிரபு குடும்பம் ஒன்றின் மூன்று கல்லறைகள் கிடைத்தன. மூன்றாவது கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. உள்ளே ஒரு அரக்குப் பெட்டியில் பட்டுத் துணியில் எழுதிய நூல்கள் இருந்தன. அவற்றில் மருத்துவ ஏடுகளும் உண்டு. அந்த ஏடுகள் உடம்பில் ஓடும் பதினொரு பாதைகளைச் சொல்கின்றன. ஒரு பாதை எங்கே தொடங்குகிறது, எந்த மூட்டைக் கடக்கிறது, அதில் கோளாறு வந்தால் எங்கெங்கே வலிக்கும், அப்போது அந்தப் பாதையில் மூலிகைச் சூடு வைக்க வேண்டும். அவ்வளவுதான். அக்குபங்சர் ஊசி என்ற பேச்சே அங்கே இல்லை. பெயர் வைத்த புள்ளிகளும் இல்லை.

செங்டு நகரையொட்டிய லாவ்குவான்ஷான் கல்லறைகளில் 2012-13இல் ஒரு அரக்குப் பொம்மை கிடைத்தது. மேற்கு ஹான் காலத்தது, ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதன் உடம்பு முழுக்கக் கோடுகள், நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஆக, பாதை மட்டும் இருந்த நிலையிலிருந்து பாதையும் புள்ளியுமாக ஆகும் மாற்றம் ஹான் காலத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் மஞ்சள் பேரரசர் மருத்துவ நூலின் பெரும்பகுதி கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. சூவென், லிங்ஷூ என்று அதற்கு இரண்டு பாகங்கள். இங்கே பாதைகள் பன்னிரண்டு ஆகின்றன. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கி, 'சி' என்ற உயிராற்றல் உடம்பை ஒரு வட்டமாகச் சுற்றி வருகிறது. பட்டு ஏடுகளில் இல்லாமல் இங்கே புதிதாகச் சேர்ந்த பாதை, மார்பிலிருந்து கையின் உட்புறமாக நடுவிரலுக்குப் போவது. இதய உறைக்கு உரியது என்று அதை வைத்தார்கள். குமட்டலுக்கு இன்று உலகம் முழுக்க அழுத்துகிறார்களே, மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் நெய்குவான் புள்ளி, அது இந்தப் பாதையில்தான் இருக்கிறது. நவீன ஆய்வுகளில் மிக அதிகமாகத் தேறிய புள்ளி, மிகப் பழைய ஏட்டில் இல்லாத பாதையில் அமைந்திருக்கிறது! 'ஐயாயிரம் ஆண்டாக மாறாத அறிவு' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த ஒரு தகவலை யோசித்துப் பார்க்க வேண்டும். மாறாமல் இருந்திருந்தால் அந்தப் புள்ளியே கிடைத்திருக்காது.

சூவென் நூலின் 12ஆவது அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே நோயை ஏன் வெவ்வேறு விதமாகக் குணப்படுத்துகிறார்கள் என்று பேரரசர் கேட்கிறார். அமைச்சர் சீபோ திசை திசையாகப் பதில் சொல்கிறார். கிழக்கே கடலோரம், மீனும் உப்பும் தின்பவர்கள், கட்டி வரும், கூர்ங்கல் வைத்தியம் அங்கிருந்து வந்தது. மேற்கே மலையும் மணலும். மருந்துச் சரக்கு அங்கிருந்து. வடக்கே குளிர், சூடு வைப்பது அங்கிருந்து. தெற்கே வெக்கையும் மூடுபனியும். ஒன்பது வகை ஊசி அங்கிருந்து. நடுநாடு தட்டையான ஈர நிலம், பலவகை உணவு கிடைக்கும், மக்களுக்கு உடலுழைப்பு குறைவு. கைகால் சோர்வும் மரப்பும் அவர்களுக்கு வரும், அதனால் மூச்சுப் பயிற்சியும் பிடித்துவிடுதலும் நடுநாட்டிலிருந்து வந்தன. வரலாறாக இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஊசி, சூடு, மருந்து ஆகியவற்றுக்குச் சமமாகக் கைவைத்தியத்தையும் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்பு குறைந்த உடம்புக்கு வருகிற கோளாறு என்று அவர்கள் சொல்வதைப் படிக்கும்போது, இன்றைக்கு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட அத்தனை பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.

அதே சூவெனின் 39ஆவது அத்தியாயம் வலியைப் பற்றியது. சில வலி அழுத்தினால் நிற்கிறது, சில வலி தொடவே விடாது, சில வலி அழுத்தியும் பலனில்லை, ஏன்? காரணமாகக் குளிர்ந்த 'சி' நாளத்துக்கு வெளியே தங்கியது, உள்ளே தங்கியது என்று அந்தக் காலத்து விளக்கம் வருகிறது. விளக்கம் பழசாகிவிட்டது. கேள்வி பழசாகவில்லை. அழுத்தினால் குறைகிற வயிற்றுவலியையும், தொட விடாத வயிற்றுவலியையும் வேறுபடுத்திப் பார்க்க இன்றைய டாக்டரும் கையைத்தான் வைக்கிறார்.

லிங்ஷூவின் 51ஆவது அத்தியாயம் முதுகுப் புள்ளிகளை அளவோடு சொல்கிறது. முதுகெலும்பின் இத்தனையாவது கணுவுக்குக் கீழே, இரு பக்கமும் இத்தனை தூரம் என்று கணக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் சோதனையும் தருகிறது. அந்த இடத்தை அழுத்திப் பார். உள்ளே அதற்குப் பதில் வந்து வலி தளர்ந்தால் அதுதான் புள்ளி. அளவு ஒரு தோராயம், தீர்ப்பு விரலுடையது. 7ஆம் நூற்றாண்டில் தாங் காலத்து மருத்துவர் சுன் ஸிமியாவ் இன்னும் ஒரு படி மேலே போனார். வலிக்கும் இடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வரச் சொல்கிறார். நோயாளி 'ஆ, அங்கேதான்!' என்று சொன்னால் அது பெயருள்ள புள்ளியா இல்லையா என்று பார்க்க வேண்டாம், அங்கேயே வைத்தியம் செய்யலாம். ஆஷி புள்ளி என்று இன்றும் சீன வைத்தியர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கிடையே வரைபடம் தன் வழியில் வளர்ந்தது. 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த நூலில் 349 புள்ளிகள். 1020களில் சோங் அரசவை மருத்துவர் வாங் வெய்யீ ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல உருவங்கள் செய்வித்தார். அவர் கணக்கில் 354. மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கும்போது வெண்கல உடம்பின் மேல் மெழுகைப் பூசி, துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவர் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி இறங்காது. மருத்துவக் கல்விக்கு இவ்வளவு கறாரான தேர்வு அந்தக் காலத்தில் வேறெங்கும் நடந்ததா தெரியவில்லை. என்னை மலைக்க வைத்த விஷயம் இது. 1601இல் வெளியான யாங் ஜிசோவின் நூலில் 359. 1817இல் 361. சீன அரசின் 2006ஆம் ஆண்டுத் தரநிலையில் 362.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் அலுவலகம் சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்களை உட்கார வைத்து, புள்ளிகளின் இடத்தைப் பொதுவாக நிர்ணயிக்கச் சொன்னது. 2008இல் நூல் வந்தது. 361 புள்ளிகளில் 92 புள்ளிகளுக்கு மூன்று நாட்டு வழக்கங்களும் ஒத்துப்போகவில்லை. பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகும் ஆறு புள்ளிகள் தீராமல் நின்றன. அவற்றுக்கு ஒரு இடத்தையும் மாற்று இடத்தையும் சேர்த்து அச்சிட்டார்கள்.

அந்த ஆறில் ஒன்று மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இருப்பது. ரென்ஜோங் என்று மக்கள் சொல்வார்கள். யாராவது மயங்கி விழுந்தால் சீனர்கள் முதலில் கையை வைக்கும் இடம். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர வைத்தியக் கையேட்டிலேயே, மயங்கியவரின் அந்தப் பள்ளத்தை நகத்தால் அழுத்தி எழுப்பச் சொல்லியிருக்கிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் அழுத்திவரும் புள்ளி பள்ளத்தின் நடுவிலா, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலா என்று வல்லுநர்களால் முடிவு செய்ய முடியவில்லை. உள்ளங்கையின் லாவ்கோங் புள்ளியும் அந்த ஆறில் உண்டு. ஆள்காட்டி விரல் எலும்புக்கும் நடுவிரல் எலும்புக்கும் இடையிலா, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலா என்று அதற்கு இரு பக்கமும் வாதம். எலும்பைத் தாண்டி அடுத்த சந்துக்கே போகிற வித்தியாசம் இது.

இதைச் சொல்வது புள்ளிகளைப் பொய் என்று தள்ளுவதற்கு அல்ல. வரைபடத்தை அரை அங்குலம் பிசகாத விதியாகப் பிடித்துக்கொள்வது அந்த மரபுக்கே அந்நியம் என்பதற்குத்தான். அவர்களுடைய அளவுகோலைப் பார்த்தாலே இது விளங்கும். சுன் என்பது அளவு. ஒரு சுன் என்றால் கட்டைவிரல் கணுவின் அகலம். நான்கு விரலைச் சேர்த்தால் மூன்று சுன். யாருடைய விரல்? நோயாளியின் விரல். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை, குழந்தைக்கும் பன்னிரண்டு சுன், ஆறடி ஆளுக்கும் பன்னிரண்டு சுன். ஒவ்வொரு உடம்பும் தன் அளவுகோலைத் தானே வைத்திருக்கிறது. நம் வர்ம ஆசான்கள் விரற்கடை அளவு சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த முறை விளங்கும். வர்மம் தனி மரபு, தனி வரலாறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது இரண்டுக்கும் நியாயம் இல்லை.

நெய்குவானையே எடுத்துக்கொள்வோம். இடது உள்ளங்கையை மேலே திருப்பி வையுங்கள். மணிக்கட்டின் குறுக்கு மடிப்பில் வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் உயரத்தில், நடுவில் இருக்கிறது இடம். லேசாக முஷ்டி பிடித்து மணிக்கட்டை மடக்கினால் இரண்டு தசைநாண்கள் கயிறு போல எழும்பும். அந்த இரண்டுக்கும் நடுப் பள்ளத்தில் கட்டைவிரலை இறக்கி, கையைத் தளர்த்திவிட்டு, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். வெறும் தோலில் பட்டால் ஒன்றும் தெரியாது. சற்று ஆழம் போனால் சுள்ளென்று இல்லாமல் ஒரு கனம், ஒரு மரப்பு, லேசாக உப்பினாற்போன்ற உணர்வு நடுவிரல் பக்கமாகப் பரவும். அந்த உணர்வு வந்ததா என்று வைத்தியர் கேட்பார். வராவிட்டால் விரலை நூலளவு நகர்த்துவார். மீடியன் நரம்பு அந்தப் பள்ளத்துக்குக் கீழேதான் போகிறது. அதனால் முரட்டுத்தனமாகக் குத்தக் கூடாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அழுத்தினால் போதும்.

இப்படிக் கையால் செய்யும் வைத்தியம் அரசவையில் ஒரு காலத்தில் கௌரவமாகவே இருந்தது. தாங் அரசின் பெரிய மருத்துவ அலுவலகத்தில் நான்கு துறைகள்: மருந்து, ஊசி, அன்மோ என்ற பிடித்துவிடும் வைத்தியம், மந்திரம். அன்மோவுக்குத் தனிப் பேராசிரியர், தனி மாணவர்கள். ஜப்பான் 701இல் இயற்றிய தாய்ஹோ சட்டத்தில் இதைப் பார்த்து அப்படியே ஒரு துறை வைத்துக்கொண்டது. பிறகு சறுக்கல். சோங் காலத்து மருத்துவக் கல்வியில் அன்மோவுக்குத் தனித் துறை இல்லை. மிங் அரசு திரும்பச் சேர்த்தது. 1571இல் மறுபடி நீக்கியது. 1822இல் சிங் பேரரசர் தாவ்குவாங், ஊசியும் சூடும் மன்னரின் உடம்புக்கு ஏற்றவை அல்ல என்று அரண்மனை மருத்துவத்திலிருந்து அவற்றையும் விலக்கினார்.

அரசவையை விட்டு இறங்கியதால் கைவைத்தியம் அழிந்துவிடவில்லை. அது இரண்டு இடங்களில் பிழைத்தது. ஒன்று குழந்தைகள். மருந்து குடிக்க மறுக்கும், ஊசிக்கு அலறும் குழந்தைக்கு விரல்தான் வழி. மிங் காலக் கடைசியில், 1600ஐ ஒட்டி, குழந்தைகளுக்கான துய்னா நூல்கள் வரிசையாக வெளிவந்தன. கைவைத்தியத்துக்குத் துய்னா என்ற பெயரே அப்போதுதான் பரவியது. குழந்தையின் உடம்பில் புள்ளி என்பது பல இடங்களில் கோடாகிவிடும். ஆள்காட்டி விரலின் ஓரமாக, முன்கையின் நீளமாக, நூற்றுக்கணக்கான தடவை மெல்லத் தள்ளிவிடுவார்கள். முதுகுத் தோலைத் தண்டுவடத்தின் கீழ்நுனியிலிருந்து கழுத்து வரை சுருட்டிச் சுருட்டி ஏற்றும் முறை கே ஹோங்கின் கையேட்டிலேயே வயிற்றுவலிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சீன ஆஸ்பத்திரிகளின் குழந்தைப் பிரிவுகளில் இன்றும் நடக்கிறது.

இரண்டாவது இடம் பார்வையற்றவர்களின் கைகள். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி பார்வையற்றவர். மெல்லிய ஊசியைச் செலுத்த உதவும் குழாயைக் கண்டுபிடித்தவர் என்று புகழ்பெற்றவர். அன்று ஜப்பானை ஆண்ட ஷோகுன் சுனயோஷியின் ஆதரவில் பார்வையற்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் அன்மா என்ற பிடித்துவிடும் வைத்தியமும் கற்றுத்தர அவர் ஏற்பாடு செய்தார். அன்றிலிருந்து அது அவர்களுடைய வாழ்வாதாரமாகவே ஆகிவிட்டது. பார்வையுள்ளவர்களுக்கான மசாஜ் பயிற்சிப் பள்ளிகள் பெருகி அவர்களுடைய பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்று 1964 முதல் ஜப்பானியச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2022 பிப்ரவரியில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சீனாவிலும் பார்வையற்றவர் மசாஜ் நிலையம் என்ற பலகை இல்லாத நகரம் அரிது. பார்க்க வேண்டிய தேவை இல்லாத வரைபடம் விரல் நுனியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

நாம் ஷியாட்சு என்று கேள்விப்படுவது அந்த ஜப்பானியக் கிளையின் பிந்தைய வடிவம். தோகுஜிரோ நமிகோஷி 1940இல் தோக்கியோவில் அதற்கெனப் பள்ளி தொடங்கினார். அவருடைய முறையில் சீனப் பாதைகளுக்கு இடமில்லை. தசை, நரம்பு, எலும்பு என்ற உடற்கூறை வைத்தே கட்டைவிரல் வேலை செய்தது. வரைபடத்தைக் கழற்றி வைத்துவிட்டும் விரல் பிழைக்கும் என்று காட்டியவர் அவர்.

சீனாவில் 1929இல் பழைய மருத்துவத்தையே ஒழிக்கும் தீர்மானம் தேசியவாத அரசின் சுகாதாரக் குழுவில் நிறைவேறியது. மார்ச் 17 அன்று ஷாங்காயில் நாடு முழுவதிலுமிருந்து வைத்தியர்கள் கூடி எதிர்க்க, தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. 1949க்குப் பிறகு மக்கள் சீனம் பழைய மருத்துவத்தைத் தூக்கிப் பிடித்தது. 1956இல் ஷாங்காயில் துய்னா பயிற்சி வகுப்பு தொடங்கியது. அங்கே மாணவர்கள் மனித உடம்பைத் தொடுவதற்கு முன் அரிசிப் பையில் பழக வேண்டும். ஒரு விரல் தியானம் என்ற முறையில், கட்டைவிரல் நுனி பையின் ஓரிடத்தில் ஊன்றியிருக்க, மணிக்கட்டு தளர்ந்து நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை ஆட வேண்டும். தோளில் இறுக்கம் கூடாது, விரல் வழுக்கக் கூடாது, அழுத்தம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒரு நாள் பயிற்சி முகாமில் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். புள்ளிகளின் பெயரை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். விரலை ஒரு நாளில் பழக்க முடியாது.

சரி, அழுத்தினால் ஏன் வலி குறைகிறது? 'சி' ஓடும் பாதையென்று எதையும் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதில்லை. 1960களில் வட கொரியாவின் கிம் போங்ஹான் நுண்குழாய்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார், அது உறுதிப்படவில்லை. வேறு பக்கத்திலிருந்து விளக்கம் வந்தது. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும், தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துக்கொள்வதன் பின்னால் உள்ள காரணம் இது. 1970களில் உடம்பே சுரக்கும் எண்டார்பின்கள் தெரியவந்தன. அவற்றைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலி நிவாரணமும் குறைகிறது என்று பரிசோதனைகள் காட்டின. முடிச்சு விழுந்த தசையை அழுத்தினால் தளர்கிறது என்பதும் உண்டு. தசை முடிச்சுகளுக்கும் சீனப் புள்ளிகளுக்கும் 71 சதவீதப் பொருத்தம் இருக்கிறது என்று 1977இல் மெல்சாக் குழு எழுதியது. பொருத்தம் அவ்வளவு இல்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனால் 'ஆ, அங்கேதான்' என்று சுன் ஸிமியாவின் நோயாளி சொன்ன இடம் பல நேரம் தசை முடிச்சாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆய்வுகளில் முதலிடம் நெய்குவானுக்கு. பெல்ஃபாஸ்டில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த டண்டீயின் குழு 1980களில் இதைத் தொடங்கியது. 1988இல் கர்ப்பகால மசக்கைக்குச் சோதித்தார்கள். சரியான புள்ளியை அழுத்திக்கொண்ட பெண்களுக்குத் தொல்லை மிகக் குறைவு. முழங்கை அருகே போலி இடத்தை அழுத்தியவர்களுக்கும் ஓரளவு குறைந்தது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்தி பற்றி 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 59 சோதனைகளை, 7,667 பேரை உள்ளடக்கித் தொகுத்தது. ஊசி, மின்தூண்டல், விரல் எல்லாம் சேர்ந்த கணக்கு. போலிச் சிகிச்சையைவிட நெய்குவான் நன்றாகவே வேலை செய்தது, வாந்தி மருந்துகளுக்கு அருகில் வந்தது. ஆனால் பல சோதனைகளின் தரம் போதாது என்றும் சொன்னார்கள். இன்னொரு பக்கம், பிரிட்டனில் கீமோதெரபி எடுத்துக்கொண்ட 500 பேரிடம் மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்து 2013இல் வெளியான முடிவில், உண்மைப் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

முதுகுவலிக்குத் தைவானில் 129 பேரிடம் நடந்த ஒப்பீடு 2006இல் வெளியானது. அக்குபிரஷர் பெற்றவர்கள் வழக்கமான இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது. போலிக் குழு இல்லாததால், புள்ளியின் பலனா, நேரம் எடுத்துத் தடவித் தேடி அழுத்திய கையின் பலனா என்று பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், குமட்டலும் தசைவலியும் அக்குபிரஷர் உதவக்கூடிய இடங்கள். சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் புற்றுநோயையும் அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அப்படிச் சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் சீன மரபைக்கூடப் பின்பற்றவில்லை. சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டுத்தான் துய்னா பிரிவுக்கு அனுப்புகின்றன.

வரைபடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1963இல் பெய்ஜிங் பள்ளிகளில் கண் பயிற்சி தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. தினமும் இரண்டு வேளை ஒலிபெருக்கியில் இசை வரும், 'புரட்சிக்காகப் பார்வையைக் காப்போம்' என்ற குரல் வரும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்கள். வகுப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தின் உள்முனை, மூக்கின் மேல்புறம், கன்ன எலும்பு, நெற்றிப் பொட்டு என்று புள்ளிகளை வரிசையாகத் தேய்க்கும். தலைமுறைகளாகக் கோடிக்கணக்கான குழந்தைகள் செய்தார்கள். 2018ஆம் ஆண்டுக்குச் சீன அரசு வெளியிட்ட கணக்குப்படி குழந்தைகள், வளரிளம் பருவத்தினரில் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. கிட்டப்பார்வையில் விழிக்கோளம் நீண்டுவிடுகிறது. வெளித்தோலைத் தேய்த்து அதைத் தடுக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் விளையாட விடுவதுதான் தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டின, அரசின் திட்டமும் இப்போது அதை வலியுறுத்துகிறது. இருந்தும் அந்த ஐந்து நிமிடமாவது புத்தகத்திலிருந்து கண் விலகி ஓய்வெடுக்கிறதே என்று சிலர் ஆதரிக்கிறார்கள். எனக்கு அதைவிட மைதானம் நல்லது என்று படுகிறது.

வீட்டில் தனக்குத்தானே அழுத்திக்கொள்ள நினைப்பவர்கள் சில இடங்களில் கையை வைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள ஹேகு, உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள சான்யின்ஜியாவ் ஆகிய இரண்டையும் தவிர்ப்பது பழைய விதி. 5ஆம் நூற்றாண்டு மருத்துவர் சூ வென்போ இந்த இரண்டு புள்ளிகளில் ஊசி போட்டுக் கருவைக் கலைத்தார் என்று சீன வரலாற்று நூல் சொல்லும் கதையிலிருந்து அந்த விதி வருகிறது. பிரசவத்தைத் தூண்ட இன்று இந்தப் புள்ளிகளை அழுத்திப் பார்த்த சோதனைகளில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆனாலும் கர்ப்ப காலத்தில் விதியை மீறிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

குரல்வளைக்குப் பக்கத்தில் நாடி துடிக்கும் இடத்தில் ரென்யிங் என்ற புள்ளி இருக்கிறது. அது கரோட்டிட் தமனியின் மேலே. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம், வயதானவர்களுக்குத் தமனிக்குள் படிந்த கொழுப்பு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், பிடித்துவிடவே கூடாது. எலும்பு தேய்ந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுக்கட்டி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆழமாக அழுத்தக் கூடாது. மயங்கி விழுந்தவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதை விட்டுவிட்டு மூக்கடிப் பள்ளத்தை அழுத்திக்கொண்டிருந்தால் விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போய்விடும். மாரடைப்பு வந்தால் நெய்குவானை அழுத்துங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் அப்படித்தான். நெஞ்சு இறுக்கி இடது கை வலித்து வியர்த்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.